அண்ணன் போடாத பாட்டு

இன்றைக்கும் சர்ச் பாட்டுதான்.

அண்ணன் அலெகியின் பஸ் வளைவில் திரும்பும்போதே தோத்திரம் காதில் விழுந்துவிட்டது. பெனினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏறினாள். ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கி உட்கார்ந்திருந்த கூட்டம் அவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அலெகி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சமோவாவில் ஒரு பாட்டு தேறுமா தேறாதா என்று சொல்வது பஸ்தான். பஸ்ஸில் ஓடினால் தீவே முணுமுணுக்கும். ஓடாவிட்டால் பாடினவளோடு போச்சு. சொந்த அண்ணனே பஸ் ஓட்டியும் பெனினாவுக்கு இந்தக் கதி.

சும்மாவா செய்தாள் அந்தப் பாட்டை? ஆக்லாந்திலிருந்து அத்தை மகள் அனுப்பிய பழைய லேப்டாப், ஒரு பக்கம் செத்துப்போன ஹெட்போன், அவ்வளவுதான் அவள் ஸ்டூடியோ. நெட்டில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். எந்தக் கட்டத்தைத் தொடுகிறாளோ அங்கே ஒரு கொட்டு விழும். ஆரம்பத்தில் அவள் போட்ட தாளம் சமையலறையில் பாத்திரம் சரிந்த மாதிரி இருந்தது. துணிக்கடை வேலை முடிந்து வந்து வந்து உட்கார்ந்து, ஒரு வழியாக ஆடத் தோன்றுகிற மாதிரி ஆக்கினாள்.

தாளம் வந்தாயிற்று. அதன் மேல் ஒரு குரல் வேண்டுமே? வெளிச் சத்தம் புகாமல் இருக்கப் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, தாளத்துக்கு வாகாக வாயில் வந்ததைப் பாடிப் பதிவு செய்தாள்.

முதல் பாட்டு! பென்டிரைவில் ஏற்றி அண்ணன் கையில்தான் முதலில் கொடுத்தாள். அலெகியும் பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டான்.

மறுநாள் கேட்டியா என்று விசாரித்தாள். "ம், நல்லா இருக்கு" என்றவன், சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தத் தோத்திரம்.

சாயங்காலம் பெனினா நேராக அண்ணி வீட்டுக்குப் போனாள். லூசியா கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் என் பாட்டைக் கேட்டுச்சா இல்லையா, அண்ணி? அதை மட்டும் சொல்லுங்க."

"கேட்டாரும்மா. நல்லாத்தான் இருக்குன்னாரு. ஆனா அதுல..."

"ஆனா என்ன ஆனா? ஊரான் பாட்டுன்னா வண்டி குலுங்கக் குலுங்கப் போடும். தங்கச்சி பேரெடுத்தா வயிறு எரியுது."

லூசியா மறுபடி வாயெடுத்தாள். பெனினா விட்டால்தானே?

"உங்க புருஷன்கிட்ட சொல்லிடுங்க. இன்னையோட அதுக்குத் தங்கச்சி இல்ல. எனக்கு அண்ணன் இல்ல."

வீட்டுக்கு வந்த வேகத்தில் லேப்டாப்பில் இருந்த அத்தனையையும் அழித்தாள். அழித்த பிறகும் ஆத்திரம் தீரவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் பஸ்ஸை விட்டுவிட்டு, முக்குரோடு வரைக்கும் நடந்து போய்ப் பக்கத்து ஊர் பலனிகோவின் பஸ்ஸில் ஏறினாள்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அவள் பாட்டு.

பஸ்ஸே கூடப் பாடியது. பதிவு செய்தபோது பக்கத்து வீட்டுச் சேவல் ஒன்று நடுவில் கூவித் தொலைத்திருந்தது. எடுக்கத் தெரியாமல் அப்படியே விட்டிருந்தாள். அந்த இடம் வந்ததும் கிழவர்கள் உட்பட எல்லாரும் சேர்ந்து கூவினார்கள்.

பெனினா தட்டுத்தடுமாறி டிரைவர் பக்கத்தில் போய் நின்றாள். இது எங்கே கிடைத்தது என்று கேட்டாள்.

"இதென்னம்மா கேள்வி? உங்கண்ணன்தான் குடுத்தான்" என்றார் பலனிகோ. "இந்த ரோட்ல ஓடுற ஒவ்வொரு வண்டியா ஏறி, என் தங்கச்சி வீட்டுலயே பண்ணதுன்னு பீத்திக்கிட்டுக் குடுத்தான்."

"அண்ணன் வண்டியில ஒருநாளும் போட்டதில்லையே."

"யார் சொன்னா? நீ இறங்கினா அங்க வேற பாட்டே கிடையாது. உன் தலையைக் கண்டாத்தான் சர்ச் பாட்டு. பின்ன என்ன? 'இருட்டினதும் வா, இறுக்கிக் கட்டிக்கோ'ன்னு பாடி வச்சிருக்க. கூடப் பொறந்தவளை உட்கார வச்சுக்கிட்டு எந்த அண்ணன் அதைக் கேப்பான்?"

பெனினாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. டி.வி.யில் ஒரு முத்தம் வந்தாலே, பன்றிக்குத் தீனி வைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போகிறவன் அலெகி. சின்ன வயசிலிருந்து பார்க்கிறாள். வார்த்தை தாளத்தில் உட்கார்ந்தால் போதும் என்று பாடினாளே தவிர, அதைக் கேட்கப்போகிறவன் அண்ணன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளிடம் அதை அவன் எந்த வாயால் சொல்லுவான்?

கடையில் அன்றைக்கு அவளுக்கு வேலையே ஓடவில்லை. பாட்டு போனால் போகட்டும், இன்னொன்று செய்துகொள்ளலாம். அண்ணியிடம் சொல்லியனுப்பிய சொல்லை எப்படி அழிப்பது? அண்ணன் காலில் விழவும் தயாராகத்தான் இருந்தாள்.

சாயங்காலம் மார்க்கெட் நிறுத்தத்தில் முதல் ஆளாக நின்றாள். தோத்திரத்தோடு வர வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அலெகியின் பஸ் வந்தது. அவள் பாட்டு அதிர அதிர வந்தது.

இன்னும் தன்னைப் பார்த்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டு ஏறினாள். "அண்ணே" என்றாள்.

உள்ளே ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் குனிந்துகொண்டார்கள். இருட்டினதும் வா என்று அவள் குரல் பஸ் முழுக்கக் கூப்பிட்டது.

அலெகி நிமிர்ந்து பார்த்தான். யாரோ ஒரு பெண் ஏறியிருப்பது போலப் பார்த்தான்.

பாட்டை நிறுத்தவில்லை.