நாலு நாள் விரிசல்

சிரிக்க வைக்கிறேன், உறுதி. ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முதலில் அக்காவின் காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அக்காவுக்கு இடது முழங்காலுக்குக் கீழே கால் கிடையாது. அங்கே வளைந்த பிளேடு ஒன்றை மாட்டிக்கொண்டு நூறு மீட்டர் ஓடுவாள். எட்டு வருஷ ஓட்டம், அலமாரி கொள்ளாத பதக்கங்கள். பாக்கி பாராலிம்பிக்ஸ் ஒன்றுதான். அதற்கான தேர்வு ஓட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை.

செவ்வாய்க்கிழமை நான் அந்த பிளேடை எடுத்து, என் கிரிக்கெட் பைக்குள் மட்டையோடு மட்டையாகச் சொருகிவிட்டேன்.

கால் செய்து தரும் டெக்னீஷியன் வந்து, சோதித்துப் பார்க்க எடுத்துப் போனார் என்று புளுகினேன். அக்கா நம்பவில்லை. பத்தாவது நிமிஷம் அவளுக்கு போன். வாக்கியத்துக்கு ஒரு இருமல், மூக்கால் பேச்சு, அசல் டெக்னீஷியனேதான். அதாவது, நண்பனின் போனோடு மொட்டைமாடியில் நின்ற நான்.

"க்கும்... லேசா விரிசல் விட்டிருக்கும்மா. சனிக்கிழமை தந்துடறேன். நீ கூப்பிடாதே, வேலை தலைக்கு மேல இருக்கு. தினம் நானே பேசறேன்."

தினமும் பேசினேன்.

கோபத்தில் அக்கா நடப்பதற்கு மாட்டும் செயற்கைக் காலையும் கழற்றி எறிந்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். நாலு நாள் பயிற்சி போச்சே என்று கோச் வீடு தேடி வந்து கத்தினார். அப்பா நடந்து நடந்து தரையைத் தேய்த்தார். கோச் கத்தியதை நான் அப்படியே கத்திக் காட்டியதற்கு அம்மா கரண்டியால் ஒன்று போட்டாள். எனக்கோ கொள்ளைச் சந்தோஷம்.

சனிக்கிழமை பிளேடு 'வந்து சேர்ந்தது'. ஞாயிற்றுக்கிழமை அக்கா முதலாவதாக வந்தாள். தேர்வாகிவிட்டாள். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்தபடியே டெக்னீஷியனுக்கு நன்றி சொல்ல போன் போட்டாள், ஸ்பீக்கரில்.

"விரிசலா? உன் பிளேடை நான் கண்ணால பார்த்தே ரெண்டு மாசமாச்சேம்மா."

அக்கா என்னைப் பார்த்தாள். தப்பி ஓடலாம்தான். ஆனால் ஓடுவது யாரிடமிருந்து?

"எதுக்குடா இப்படிப் பண்ணே?"

என் கண் பிளேடு மாட்டிய இடத்துக்குப் போனது. அவள் பிளேடைக் கழற்றி, முழங்காலுக்குக் கீழே போட்டிருந்த உறையை மெல்ல உருட்டி இறக்கினாள். கோச்சுக்குத் தெரிந்தால் ஓட விடமாட்டார் என்று எல்லோரிடமும் மறைத்து, ரத்தம் கசியக் கசிய அவள் பயிற்சி செய்துகொண்டிருந்த புண் மீது இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல் மூடியிருந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நீ எப்படா பார்த்தே?"