தொடாதே!

"என் பொண்ணோட கற்பனையைக் கழுத்தை நெரிச்சுக் கொல்றாங்க சார், உங்க லேப் டீச்சர்!"

தலைமையாசிரியரின் மேஜைமேல் அந்த அம்மா நாலு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். ஆணியும் செம்புக் கம்பியும் குத்திக் கோத்தவை. கம்பி முனையில் குட்டி எல்.இ.டி. பல்பு எரிந்தது.

"இவளாவே செஞ்சது. அவங்களைக் கேட்டா எதுக்கும் 'தொடாதே'தான். அலமாரிக்குப் பூட்டு வேற!"

"அப்புறம் எப்படிம்மா கம்பியை எடுத்தே?" என்று மகளிடம் கேட்டார் தலைமையாசிரியர்.

"சாவி பக்கத்துலயே ஆணியில தொங்குது சார்."

தலைமையாசிரியருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படைப்பாற்றல் அவருக்கு உயிர். வெள்ளி தோறும் இரண்டே காலிலிருந்து மூன்று மணி வரை அதற்கென்றே வகுப்பு எடுப்பார். படைப்பாற்றலின் ஏழு படிகளை வரிசை மாறாமல் ஒப்பிக்க வேண்டும். இந்தப் பெண் போன தேர்வில் ஃபெயில். மூன்றாம் படியை முதலில் எழுதிவிட்டாளாம்.

லேப் டீச்சர் வந்து நின்றார்.

"எட்டு வருஷமா பிள்ளைங்களை எதையும் தொட விடாம என்ன டீச்சர் கிழிச்சீங்க?"

"பாடம் நடத்தினேன் சார்."

"போதும். நாளையிலேருந்து லைப்ரரியைப் பாத்துக்குங்க. அங்க ஒரு ஈ காக்கா வராது. நீங்க யாரையும் கெடுக்க முடியாது."

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

"இது உள் ரூம் சாவி சார். ஆசிட் எல்லாம் அங்கதான் இருக்கு. இதை மட்டும் ஆணியில மாட்டிடாதீங்க. வெளி அலமாரில வினிகர் தீந்துபோச்சு, வாங்கி வெச்சிடுங்க."

மறுநாளே அலமாரிப் பூட்டைக் கழற்றி எறிந்தார் தலைமையாசிரியர். புதுப் பலகையும் மாட்டினார்: 'தாராளமாகத் தொடுங்கள்! ஏழு படிகளின்படி மட்டும்.'

ஒரு மாதம் ஓடியது. அலமாரியைத் தொட்டது தூசி மட்டும்தான்.

அன்று மதிய இடைவேளையில் அவர் லைப்ரரிப் பக்கம் போனார். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே மேஜைக்கு அடியில், ஜன்னலோரத்தில், கதவுக்குப் பின்னால் என்று எங்கு பார்த்தாலும் பிள்ளைகள். அவரைக் கண்டதும் ஆளுக்கொரு புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். எலுமிச்சம்பழக்காரி இரண்டை ஒளித்தாள்.

மூலையில் ஓர் அலமாரி. அதில் சிவப்பு எழுத்தில், 'படிக்காதே!'

பக்கத்திலேயே, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.