இன்னும் கொஞ்சம் வேலை

"இன்னாங்க, இன்னிக்காவது கெளம்புமா?"

விருஷபதாஸ் பழைய ஃபியட்டின் சாவியைத் திருப்பினார். என்ஜின் முனகி ஓய்ந்தது.

"இன்னும் கொஞ்சம் வேலை இருக்குது."

"இதுக்குள்ள செஞ்சிக் கோட்டையவே கட்டியிருப்பாங்க" என்று சிரித்தாள் மனைவி அனந்தமதி. "வண்டி ஓடுற அன்னிக்கு வந்து, அம்மாவ மேல்சித்தாமூர் கோயிலுக்குக் கூட்டினு போறேன்னு சொல்லியிருக்கான் நேமி. புள்ள வர வேணாமா?"

அவள் உள்ளே சென்றதும் அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். கழற்றி ஒளித்த ரோட்டர் அங்கே இருந்தது. அந்தச் சிறு பாகமின்றி வண்டி கிளம்பாது. மற்ற வேலைகள் யாவும் ஆடியிலேயே முடிந்துவிட்டன. அதே ஆடியில்தான் பெங்களூரிலிருந்து மகன் நேமிகுமாரின் உடலும் வந்தது. அந்த நாளை அனந்தமதியின் மனம் ஏற்கவேயில்லை.

மாலையில் குளித்து வந்தவர், கழற்றிப் போட்ட சட்டையைத் துழாவினார். பை வெறுமையாக இருந்தது.

"இதையா தேடுறீங்க?"

அனந்தமதி ரோட்டரை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"தொவைக்கிறப்பல்லாம் எடுத்து வெச்சு, திரும்பப் பையில போடுறவளே நான்தான். அவன் போனது எனக்கும் தெரியுங்க. இத மட்டும் மாட்டிடாதீங்க. வண்டி ஓடிட்டா, அப்புறம் நாம எதுக்குக் காத்திருக்கிறது?"