பக்கத்து நாற்காலி

"பையன் உள்ளே இன்டர்வியூல இருக்கான். நீயும் எத்திகல் ஹேக்கர் வேலைக்கா கண்ணு?" வெளியே காத்திருந்த இளம்பெண்ணிடம் பக்கத்து நாற்காலி அம்மா பேச்சுக் கொடுத்தாள்.

"ஆமா ஆன்ட்டி. கம்பெனி கேட்டா அவங்க கம்ப்யூட்டர் பூட்டை உடைச்சுச் சோதிக்கிற வேலை. என் லேப்டாப் பூட்டையே உடைச்சு உடைச்சுப் பழகினேன். முதல் வேலை, கிடைக்கணும்."

"கிடைக்கும். வீட்டுல நாய் வளர்க்கறியா?"

"இருக்கே, டிங்கு!"

"முகத்தைப் பார்த்தா மார்ச்சுல பொறந்தவ மாதிரி இருக்கே?"

"ஜூன் ஏழு ஆன்ட்டி."

படித்த பள்ளி வரை அந்தப் பெண் ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

சற்று நேரத்தில் அழைப்பு வந்தது. உள்ளே அதிகாரி நாற்காலியில் அதே அம்மா!

"பாஸ்வேர்டு மறந்தா கேட்கிற கேள்விக்கெல்லாம் வெளியிலேயே பதில் சொல்லிட்டியேம்மா! நீ எப்படி அடுத்தவங்க பூட்டைச் சோதிப்பே?"

"எங்க வீட்டுல நாயே கிடையாது மேடம். நான் பொறந்தது டிசம்பர்ல."

அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னை எப்படிச் சந்தேகப்பட்டே?"

"பையன் உள்ளே இருக்கான்னீங்க. ஒரு தடவைகூட இந்தக் கதவைத் திரும்பிப் பார்க்கலியே! எங்கம்மாவைப் பாருங்க."

ஜன்னலுக்கு வெளியே, எதிர்க்கடை வாசலில் ஓர் அம்மா இந்தக் கட்டடத்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி சிரித்துவிட்டாள். "முதல்ல ஓடிப்போய் அவங்ககிட்ட சொல்லு. திங்கட்கிழமை வேலைக்கு வந்துடு!"