காற்றில் ஒரு மணிச்சட்டம்

மூத்த பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில், இளையவள் நறுமுகையின் விரல்கள் மறுபடியும் காற்றில் துடித்தன. "சின்னவளுக்கு வலிப்பு கிலிப்பு உண்டா?" என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எவரும் அப்படிக் கேட்டதில்லை. கோடை வகுப்பில் சேர்த்த பிறகுதான் இந்தத் துடிப்பு. மறுநாளே அவளை நிறுத்திவிடுவதென்று நேராக வகுப்புக்குப் போனேன்.

உள்ளே முப்பது பிள்ளைகள் கண்களை மூடி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் எண்களைச் சொல்லச் சொல்ல, முப்பது பேரின் விரல்களும் வெறும் காற்றில் எதையோ ஏற்றின, இறக்கின. கடைசி எண் முடிந்ததும் எல்லாரும் ஒரே விடையைச் சொன்னார்கள். நறுமுகையின் குரல்தான் முதலில் வந்தது.

"என்னம்மா இது?"

"அபாகஸ், ஐயா. முதல்ல மணிச்சட்டத்தத் தொட்டுக் கூட்டுவாங்க. பழகினதும் சட்டத்த எடுத்துடுவோம்."

"எடுத்துட்டா?"

"இவங்களுக்கு அது அங்கேயேதான் இருக்கும்."

நான் பேத்தியிடம் போனேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. "தாத்தா, தள்ளி நில்லுங்க. மணியெல்லாம் கலையுது."

எவருக்கும் ஒதுங்கிப் பழகாத நான் இரண்டடி பின்வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூ வைக்க வருகிறார்கள். நறுமுகை கூடத்தின் நடுவில் உட்கார்ந்து காற்றில் கணக்குப் போடுவாள். அவளுக்கு முன்னால் எல்லாரும் இரண்டடி இடம் விட வேண்டுமென்று சொல்லியிருக்கிறேன். அந்த அத்தையும் சேர்த்துத்தான்.