தஞ்சாவூர் டிக்கெட்

ஞானசேகரின் புத்தகங்களுக்குள் அடையாளமாகச் செருகப்பட்டே காலம் தள்ளிய பழைய பஸ் டிக்கெட்டுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. தேனீ, எரிமலை, சோழர் கடற்படை, எதைக் கேட்டாலும் சொல்லும். எல்லாம் நாற்பதாம் பக்கம் வரைதான்.

“அந்த எரிமலை கடைசியில வெடிச்சுதா?” என்று ஆவலாகக் கேட்டது மேஜைமேல் கிடந்த பென்சில்.

“யாரு கண்டா? நான் இருந்தவரைக்கும் புகைஞ்சுக்கிட்டிருந்தது. அதுக்குள்ள என்னை உருவி எறும்புப் புத்தகத்துல வெச்சுட்டார். இரவல் வாங்கினவன் திருப்பித் தரலைன்னு ஊரெல்லாம் புலம்பத் தெரியுது, ஒண்ணையாவது முடிக்கத் தெரியுதா?”

“படிக்கத்தான் பொறுமை இல்லைபோல.”

“படிக்க மட்டுமா? என்மேல தஞ்சாவூர்னு போட்டிருக்கு, பாரு. தங்கச்சி கல்யாணத்துக்குக் கிளம்பினவர், புத்தகக் கண்காட்சிப் பந்தலைப் பார்த்ததும் திருச்சியிலேயே இறங்கிட்டார்.”