ஜோஸ்வா எந்த ரகம்?

"பயந்தவன், கூச்சக்காரன்னு வாய் தவறிக்கூடச் சொல்லிராதம்மா. அப்படிப்பட்ட ஆளை எந்தக் கம்பெனிக்கும் பிடிக்காது" என்று மறுபடியும் எச்சரித்தாள் ஜெப்சி.

லீமாரோஸ் தலையாட்டினாள். தான் வேலை பார்க்கும் நண்டு உரிக்கும் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, தங்கச்சிமடத்து வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னலோரத்தில், காலையிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் மகன் ஜோஸ்வா போன வாரம் பேசினான். "கம்பெனியிலருந்து ஒரு மேடம் கூப்பிடுவாங்கம்மா. நான் எப்படிப்பட்டவன்னு கேப்பாங்க. எல்லாம் சரியா நடந்தா சந்தியாகப்பர் கோயில் கொடியேத்தத்துக்கு ஊர்ல இருப்பேன்" என்றான். மேற்கொண்டு கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

அது எதற்கான விசாரணை என்று கண்டுபிடித்தவள் மகள் ஜெப்சிதான். மதுரையில் சைக்காலஜி படிக்கிறாள். படிப்பு இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. அதற்குள் தெருவில் ஒருத்தர் விடாமல் ரகம் பிரித்துவிட்டாள்.

"கலகலன்னு பழகுறவன் ஒரு ரகம்மா, தனக்குள்ளயே ஒடுங்கிக் கெடக்குறவன் ஒரு ரகம். எதுக்கும் கலங்காதவன் ஒரு ரகம், தொட்டதுக்கெல்லாம் ஒடஞ்சு போறவன் ஒரு ரகம். அண்ணன் எந்த ரகம்னு பாத்து, ப்ரமோஷன் குடுத்துத் தூத்துக்குடி ஆபீசுல போடப் போறாங்க. இல்லாட்டி ஒப்பந்தம் முடியாம இப்ப எதுக்கு ஊருக்கு வாரேங்குறான்?"

கரையில் வேலை! கணவன் சந்தியாகுவைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வீட்டுக் கஷ்டத்துக்காகத்தான் அந்தப் பிள்ளை கப்பலேறினான். ஒருமுறை வந்துவிட்டால் போதும், இனி அவனைத் தண்ணீர் பக்கமே விடுவதில்லை என்று முடிவே கட்டிவிட்டாள்.

போன் அடித்தது. ஜெப்சி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வணக்கம்மா. கப்பல் கம்பெனியிலிருந்து மனநல ஆலோசகர் காலிதா பேசுறேன். உங்க மகனோட குணத்தைப் பத்திச் சில கேள்விங்க. மனசுல இருக்குறதை அப்படியே சொல்லுங்க. புது ஆளுங்களோட சுலபமா ஒட்டிக்குவாரா?"

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கொல்லைப் பக்கமாக நழுவிவிடுகிறவன் ஜோஸ்வா.

"எங்க போனாலும் நாலு பேரைச் சேத்துக்கிருவாம்மா!"

ஜெப்சி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"வீட்டை விட்டுப் பிரிஞ்சிருந்தா தவிச்சுப் போவாரா?"

தொண்டி ஹாஸ்டலில் சேர்த்த வாரமே பஸ் ஏறி ஓடிவந்து, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தேம்பியவன். இப்போதும் போனில் அவள் குரலைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சு வராது அவனுக்கு.

"சேச்சே! வீட்டு நெனப்பே கெடையாதும்மா அவனுக்கு."

"கடல்னா பயம் உண்டா?"

"மீன்பிடிக்கிறவங்க வீட்டுப் பிள்ளைக்குக் கடல் பயமா? என்னம்மா நீங்க!" லீமாரோஸ் சிரித்தும் காட்டினாள்.

"அவரோட அப்பா தவறினப்ப எப்படி இருந்தார்?"

கடற்கரையை விட்டு வர மாட்டேன் என்று மணலில் புரண்டு அழுதவனை நாலு பேர் சேர்ந்துதான் தூக்கி வந்தார்கள். அதன்பிறகு பல நாள் அவன் வாயே திறக்கவில்லை. ஜெப்சிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும், 'சொல்லும்மா' என்று சைகை காட்டினாள்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விடலம்மா. எங்களுக்கெல்லாம் அவன்தான் ஆறுதல் சொன்னான். இரும்பு மனசு."

பெற்ற பிள்ளையின் அழுகையை இப்படி மறைத்துப் பேசுவது பாவமாகத்தான் பட்டது. ஆனால் அவன் வீடு வந்து சேர வேண்டுமே.

"அப்போ எதுக்கும் கலங்காத ரகம்னு சொல்லுங்க."

"அதே ரகந்தாம்மா!" என்றாள் லீமாரோஸ் சந்தோஷமாக.

"நல்லதும்மா, எனக்கும் இப்பதான் நிம்மதி. 'என்னால தனியா இருக்க முடியல, கடலைப் பாத்தாலே பயமா இருக்கு, ஊருக்கு அனுப்பிருங்க. நம்பிக்கை இல்லேன்னா எங்கம்மாவைக் கேட்டுப் பாருங்க, அவங்களுக்குத்தான் என்னைத் தெரியும்'னு உங்க மகன் சொல்லியிருந்தார். நீங்க சொல்றதைப் பாத்தா, இது கப்பல்ல வேலை பாக்குற எல்லாருக்கும் வர்ற தவிப்புதான். ஒப்பந்தம் முடியற வரைக்கும் அவரால தாராளமா இருக்க முடியும்னு எழுதிடறேன்."

"ஐயோ, நான் சொன்னதெல்லாம் பொய்ம்மா! எம்புள்ள பயந்தவன்... ஒன்னுமில்லாததுக்கும் அழுவான்... அனுப்பிருங்கம்மா, அவனை எங்கிட்ட அனுப்பிருங்கம்மா!" லீமாரோஸ் கதறினாள்.

"விஷயம் தெரிஞ்சதும் எல்லா அம்மாவும் இப்படித்தான் மாத்திச் சொல்வாங்க. அதனாலதாம்மா நாங்க காரணத்தை முதல்ல சொல்றதே இல்ல" என்று கனிவாகச் சொல்லிவிட்டு போனை வைத்தாள் காலிதா.